தரைவண்டும் தரங்கம்பாடியும்: ஒரு பெயரீட்டு வரலாறு

சுங்கை பூலோ வட்டாரத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், மக்கிக் கிடந்த பால்மரக் கட்டையொன்றைப் புரட்டிய மாணவன் ஒருவன் கையை உதறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். விரல்நுனியில் பழுப்புக் கறை, எரிச்சல், மூக்கைத் துளைக்கும் நெடி. “வண்டு சுட்டுவிட்டது, ஐயா,” என்றான். கட்டையின் அடியில் பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாக, நீண்ட கால்களுடன் ஓர் உயிரி இலைச்சருகுக்குள் விரைந்து மறைந்தது. “அதன் பெயர் என்ன, ஐயா?” என்று கேட்டான். “வண்டு,” என்றேன். “அது எனக்கும் தெரியும், ஐயா,” என்றான்.

அந்த விடைக்கு நான் நாணியதன் விளைவே இச்சொற்பொழிவு. மொழி மன்றத்தின் மேடையில் பூச்சிகளைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். உயிர்களுக்குப் பெயரிடுவது முதற்கண் ஒரு மொழிச்செயல். அதன் இடர்ப்பாடுகளுட் பாதி, அகராதி தொகுப்போர் நன்கறிந்த இடர்ப்பாடுகள். மேலும், ஆசியத் தரைவண்டுகள் அறிவியலில் பெயர்பெற்ற வரலாற்றின் முதல் இயல் ஒரு தமிழ்க் கடற்கரையிலேயே தொடங்குகிறது.

தமிழில் வண்டு என்னும் சொல் மிக அகன்றது. சங்கப் பாடல்களில் வரும் வண்டு பெரும்பாலும் மலரை நாடித் தேனுண்பது. இன்றைய விலங்கியலார் அதனைத் தேனீயின் உறவினமாகவே கொள்வர். முன்னிறகு தடித்து ஓடாகிப் பின்னிறகை மூடிக் காக்கும் உயிரியையும் நாம் வண்டு என்றே அழைக்கிறோம். உயிர்களை வகைப்படுத்தும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை நிரல்படுத்துகிறது; சிதலையும் எறும்பையும் மூவறிவினுள்ளும், நண்டையும் தும்பியையும் நாலறிவினுள்ளும் வைக்கிறது. புலன்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட அப்பகுப்பு தன்னளவில் ஒழுங்குடையது. ஆனால் மலரை நாடாமல், இரவில் தரையில் ஓடி, புழுவையும் நத்தையையும் வேட்டையாடித் தின்னும் வண்டுக்குப் பாட்டில் இடமில்லை. பாட்டில் இடம்பெறாதது நிகண்டிலும் தனிப்பெயர் பெறுவது அரிது.

அறிவியல் இக்குடும்பத்தைக் கராபிடே என்று அழைக்கிறது. உலகெங்கும் ஏறத்தாழ 40,000 சிற்றினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. முன்காலின் உட்புறத்தில் ஒரு சிறு கவடு இருக்கும். உணர்கொம்பை அதில் இழுத்துத் துடைத்துக்கொள்ளும். பின்காலின் அடிப்பகுதி வயிற்றின் முதல் வளையத்தை இரண்டாகப் பிளந்து நிற்கும். கண்ணுக்கு மேல் விறைத்து நிற்கும் மயிர் ஒன்றா இரண்டா என்பதும் இங்கே பெரிய கேள்வி. அந்த ஒற்றை மயிரைக் கொண்டு கூட்டங்களைப் பிரிப்பர். அம்மாணவனைச் சுட்டது பீரங்கி வண்டு எனப்படும் வகை. அதன் வயிற்றினுள் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரு பையில் இருக்கின்றன. அபாயம் நேருங்கால் அக்கலவை தடித்த சுவருடைய மற்றோர் அறைக்குள் பாய்கிறது. அங்குள்ள நொதிகள் அதனை நொடியில் கொதிக்கவைக்க, ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் ஒலியுடன் வெளியே சீறுகிறது. கறை படியச் செய்வது அவ்வினையில் விளையும் குவினோன்.

இனி வரலாறு. 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் யோகான் ஜெரார்ட் கோனிக் என்னும் மருத்துவர் வந்து சேர்ந்தார். சமயப் பணிக்கழகத்தின் மருத்துவராக வந்த அவர் சுவீடனின் லின்னேயசிடம் நேரே பயின்றவர். பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரு சொற்களால் ஓர் உயிரியைக் குறிக்கும் முறையை விலங்குகள் அனைத்துக்கும் 1758-இல் நிலைநாட்டியவர் லின்னேயஸ். அம்முறையைக் கையிற்கொண்டு சோழமண்டலக் கரைக்கு வந்த முதன்மையானோருள் கோனிக் ஒருவர். பின்னர் ஆற்காட்டு நவாபிடமும், 1778 முதல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிடமும் இயற்கையாய்வாளராகப் பணிபுரிந்தார். தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளிவந்தது. அதே ஆண்டுகளில் அவர் சயாமுக்கும் மலாக்கா நீரிணைக்கும் பயணம் செய்தார். அப்பயணக் குறிப்புகள் 1894-இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் ஆங்கிலத்தில் அச்சாயின. நம் முன்னோர் கப்பலேறிவந்த அதே கடல்வழியில், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தரங்கம்பாடியிலிருந்து ஒருவர் பூச்சிப்பெட்டியும் செடிகொடிகளுமாகச் சென்று மீண்டிருக்கிறார் என்பது எனக்கு வியப்பளிக்கிறது. கோனிக் 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் காலமானார். அவருடைய ஏடுகள் இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்சைச் சென்றடைந்தன.

கோனிக்கைப் போலவே லின்னேயசிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர் யோகான் கிறிஸ்தியான் பப்ரீசியஸ். தமிழாசிரியர்கள் இப்பெயரைக் கேட்டதும் அகராதியை நினைப்பர். அவர் வேறு, இவர் வேறு. சென்னை வேப்பேரியில் 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்ட பப்ரீசியஸ், யோகான் பிலிப் என்னும் முற்பெயருடைய போதகர். 1775-இல் பூச்சியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றை வெளியிட்ட பப்ரீசியஸ், பின்னர் கீல் நகரில் பேராசிரியராக இருந்தவர். ஒருவர் தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். மற்றவர் தமிழ்நாட்டுப் பூச்சிகளைத் தொகுத்தார். நூலகப் பட்டியல்களில் இவ்விருவரும் ஒருவராக ஒட்டிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.

பூச்சியியல் பப்ரீசியஸ் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயரிட்டார். லின்னேயஸ் இறகைக் கொண்டு பூச்சிகளைப் பகுத்தார். மாணாக்கர் வாயுறுப்புகளைக் கொண்டு பகுத்தார். ஆசானிடமிருந்து விலகிய இத்துணிவு போற்றத்தக்கது; எனினும் உருப்பெருக்கியின் கீழும் எளிதிற் புலப்படாத வாயை அடிப்படையாக்கியதால் அவர் முறை பிறருக்குக் கடினமாயிற்று. இவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கோனிக்கும், தரங்கம்பாடியிலிருந்த போதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானும், டேனிய படை அதிகாரி டால்டார்ப்பும் திரட்டிய பூச்சிகள் கப்பலேறி அவர் மேசையை அடைந்தன. நூலில் ஒவ்வோர் இனத்தின் கீழும் இரண்டு மூன்று வரி இலத்தீன் விளக்கம். அதனடியில் ஊரின் பெயர். அதனை அனுப்பியவரின் பெயர். தரங்கம்பாடி என்னும் ஊர்ப்பெயர் அப்பக்கங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. 1801-ஆம் ஆண்டு நூலில் டால்டார்ப் பெயருடன் சுமாத்ராவும் சேர்ந்துகொள்கிறது. இந்த டால்டார்ப்பே, 1791-இல் தரங்கம்பாடியில் பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதி ஐரோப்பியரைத் திகைக்கவைத்தவர். ஜான் அம்மீனின் தமிழ்ப்பெயரையே ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பினார். மீனுக்குக் கிடைத்த பேறு வண்டுகளுக்குக் கிடைக்கவில்லை.

தென்னிந்திய வறண்ட காடுகளில் ஓடித்திரியும் பெரிய கருவண்டு ஒன்று உண்டு, உடலில் ஆறு வெண்புள்ளிகள், பறக்க இயலாதது, பகைவர்மேல் அமிலம் பீய்ச்சுவது. அதற்கு 1775-இல் பப்ரீசியஸ் இட்ட சிற்றினப் பெயர், ஆறு புள்ளிகளை உடையது என்றே பொருள்படும். ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என இன்றும் அப்பெயரே வழங்குகிறது. 250 ஆண்டுகளாக உலகம் அதனை அறிந்திருக்கிறது. நம் பாடநூல்களில் அதனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மருத்துவரும் சில போதகர்களும் ஒரு படை அதிகாரியும் தாமே குனிந்து அத்தனை பூச்சிகளையும் பிடித்திருப்பர் என்று நான் கருதவில்லை. கல்லைப் புரட்டவும், மழைக்காலத்து வயல்வரப்பில் எது எங்கே ஒளியும் என்று சொல்லவும் அவ்வூர் மக்கள் துணைநின்றிருக்கவே வேண்டும். அச்சான பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. தரங்கம்பாடியிலிருந்த இன்னொரு போதகரான ராட்லர், செடிகளைத் தொகுத்துக்கொண்டே பெரிய தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் உருவாக்கினார். 1836-இல் அவர் இறந்தபோது அதன் அச்சுப்பணி முடிந்திருக்கவில்லை. தாவரமும் சொல்லும் ஒரே கையில் இருந்தன. பூச்சிகளின் பக்கம் அப்படி ஒருவர் அமைந்திருந்தால் தரைவண்டுகளின் நாட்டுப்பெயர்களேனும் நமக்கு மிஞ்சியிருக்கும்.

அடுத்த களம் ஜாவா. 1825-ஆம் ஆண்டு மலாய்த் தீவுகளின் தரைவண்டு வரலாற்றில் இருமுறை பேசப்பட வேண்டியது. அவ்வாண்டு ஹாகன்பாக் என்பார், வயலின் வண்டு எனப்படும் விந்தை உயிரியை மோர்மோலிக்கே பில்லோடெஸ் என்னும் பெயரால் அறிமுகப்படுத்தினார். மலாய் மக்கள் இதனை கும்பாங் பியோலா என்பர். நம் தீபகற்பக் காடுகளிலும் இதனைக் காணலாம். பத்து சென்டிமீட்டர் வரை நீளம். உடலோ காகிதம்போல் தட்டை. முன்னிறகுகள் இருபுறமும் இலைபோல் விரிந்து வயலினின் உடலை நினைவூட்டும். மரத்தில் படிந்த தட்டுக் காளான்களின் இடுக்கில் வாழ்வதற்கென்றே அமைந்த உடல் அது. மோர்மோலிக்கே என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பூச்சாண்டி என்பதே நேர்ப்பொருள். பில்லோடெஸ் என்றால் இலையொத்தது. இலைப் பூச்சாண்டி! இதனினும் நல்ல தமிழ்ப்பெயரை நாம் தேடவேண்டியதில்லை. ஜாவாவிலிருந்து லெய்டன் அருங்காட்சியகத்துக்கு அக்காலத்தில் பெட்டி பெட்டியாகச் சேகரம் அனுப்பிய கூல், வான் ஹாசெல்ட் என்னும் இருவரும் முப்பது வயதை எட்டுமுன்னரே அத்தீவில் மாண்டனர்.

அதே 1825-இல் வில்லியம் மெக்லே என்னும் ஆங்கிலேயர், ஜாவாவில் ராபிள்சின் ஆதரவோடு பணியாற்றிய தாமஸ் ஹார்ஸ்பீல்டின் சேகரத்தைக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் பீரங்கி வண்டுகளுள் ஒன்றான ஆக்சிபிட்டாலிஸ் அந்நூலிலேயே பெயர் பெற்றது. மெக்லேயின் வகைப்பாட்டுக் கொள்கை விநோதமானது. இயற்கையில் ஒவ்வொரு கூட்டமும் ஐந்து பிரிவுகளாகவே அமையும். அவ்வைந்தும் ஒரு வட்டமாகச் சுழன்று தொடக்கத்தைத் தொடும். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள்ளும் ஐந்து. எங்கேனும் நான்கே கிடைத்தால், ஐந்தாவது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று கொள்ளவேண்டும்! ஐந்திணையும் ஐந்திலக்கணமும் பயின்ற நமக்கு இதில் ஒரு கவர்ச்சி தோன்றக்கூடும். ஆனால் நம் ஐந்திணை நிலமும் பொழுதும் ஒழுக்கமும் கண்டு வகுத்தது. அதற்குள் அடங்காதவற்றுக்குக் கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே இடம் வைத்ததே அதன் பெருமை. மெக்லேயின் வட்டத்துக்கு அத்தகைய வாயில் இல்லை. ஒரு தலைமுறைக்குள் அக்கொள்கை வழக்கொழிந்தது. அவர் விவரித்த வண்டுகளும் அவற்றின் பெயர்களும் நிலைத்தன. கொள்கை பிழையாகலாம்; ஊசியில் குத்திவைத்த மாதிரி பிழையாகாது.

மாதிரி என்றேன். ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடுபவர் எந்த உருப்படியைப் பார்த்து எழுதினாரோ அதுவே அப்பெயரின் மூலமாதிரி. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அச்சிட்ட விளக்கத்தைவிட மூலமாதிரியே பெரிய சான்று. பப்ரீசியசின் இரண்டு வரி இலத்தீன் நூறு கருவண்டுகளுக்குப் பொருந்தும். மூலமாதிரி ஒன்றுக்கே பொருந்தும். ஆகையால் மாதிரிகள் எங்கே போயின என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. நெப்போலியனின் படைத்தலைவருள் ஒருவரும், வாட்டர்லூ போரில் அவருக்கு மெய்த்துணைவராக நின்றவருமான தெஜான் பிரபு, ஐரோப்பாவின் மிகப்பெரிய வண்டுச் சேகரத்தை வைத்திருந்தார். அவருடைய தரைவண்டுகளை உருசியப் பேரரசைச் சேர்ந்த ஷோதுவார் பிரபு விலைக்கு வாங்கினார். ஷோதுவாரின் பெட்டிகள் பிரெஞ்சுக்காரரான ஒபர்த்தூரிடம் சேர்ந்தன. ஒபர்த்தூரின் சேகரம் 1952-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அமேசான் காடுகளில் பதினோராண்டு அலைந்த ஹென்றி பேட்ஸ், முதுமையில் தரைவண்டுகளில் ஆழ்ந்து 1886-இல் இலங்கைத் தரைவண்டுகளைப் பற்றி எழுதினார். அவர் சேகரமும் அவ்வழியே சென்றது. அவருடைய நண்பர் வாலஸ் 1854-இல் மலாக்காவிலும் பின்னர் சரவாக்கிலும் வண்டு திரட்டினார். சரவாக்கின் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்தருகே, ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலத்தில் அவருக்குக் கிடைத்த வண்டினங்கள் 1,900-க்குக் குறையா. தொழிலாளர் கொண்டுவந்த பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு கொடுத்தார். தம் மலாய் உதவியாளர் அலியின் பெயரை நூலில் எழுதிவைத்தவர் வாலஸ்; அந்த அளவில் அவர் தரங்கம்பாடியாரினும் உயர்ந்தவர்.

இத்தனை பேர், இத்தனை நாடு, இத்தனை மொழி. விளைவு யாது? ஒரே வண்டுக்குப் பாரிசில் ஒரு பெயர், இலண்டனில் ஒரு பெயர், கொழும்பில் ஒரு பெயர். ஒரே பெயர் இரு வேறு வண்டுகளுக்கு. தொல்காப்பியர் திரிசொல்லை ஒருபொருள் குறித்த பலசொல் என்றும் பலபொருள் குறித்த ஒருசொல் என்றும் இருவகையாக்கினார். நிகண்டு நூலாருக்கு அவை செல்வம். வகைப்பாட்டாளருக்கு அவையே நோய். மருந்து ஒன்றுதான்: முதலில் வெளிவந்த முறையான பெயரே செல்லும் என்னும் முன்மை விதி.

அம்மருந்தை ஆசியத் தரைவண்டுகளுக்கு இட்டவர் ஹெர்பர்ட் எட்வர்ட் ஆண்ட்ரூஸ். 1863-இல் பிறந்து 1950-இல் மறைந்தவர். 1919 முதல் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் போக்கு தெளிவானது: புதிய இனங்களைக் குவிப்பதற்கு முன் பழைய மூலமாதிரிகளைப் பார்த்துவிட வேண்டும். பிரித்தானிய அருங்காட்சியகம், ஆக்ஸ்போர்டு, கோபன்ஹேகன், கல்கத்தா என ஒவ்வொரு சேகரத்தின் மாதிரிகளையும் ஆராய்ந்து, எந்தப் பெயர் எதற்குரியது என்று தீர்த்துவைத்தார். தரங்கம்பாடியிலிருந்து போன வண்டு கோபன்ஹேகனில் ஒன்றரை நூற்றாண்டு உறங்கியபின் அவர் உருப்பெருக்கியின் கீழ் மீண்டும் கண்விழித்தது எனலாம். 1929-இலும் 1935-இலும் பிரித்தானிய இந்திய விலங்கினம் என்னும் வரிசையில் அவருடைய இரு தொகுதிகள் வந்தன. இடையே 1930-இல் கல்கத்தாவில் அச்சான பட்டியல் நூல் ஒன்று. இரண்டாம் தொகுதியின் தலைப்பிலேயே முதற்பகுதி என்று இருக்கிறது. அடுத்த பகுதி வரவில்லை. குடும்பத்தின் பெரும்பங்கு அந்த வராத பகுதிகளில் இருக்க வேண்டியது. ஒரு மனிதர் ஆயுளில் முடியும் வேலையன்று அது. இன்றும் நீலகிரி வண்டையோ மலாய் வண்டையோ அடையாளங்காண முயல்வோர் அவ்விரு தொகுதிகளையே முதலில் புரட்டுகின்றனர்.

ஆண்ட்ரூசின் கைக்கு நம் நாட்டு வண்டுகளும் சென்றன. கோலாலம்பூரின் சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் பூச்சியியலாளராக இருந்த பெண்டில்பரி 1929-இல் கினபாலு மலைக்குச் சென்று திரட்டியவற்றுள் தரைவண்டுகளை ஆராய்ந்தவர் அவரே. மலாயாப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி 1934-இல் கார்பெட்டுடன் சேர்ந்து பெண்டில்பரி எழுதிய நூலை நம் மாணவர் சிலர் அறிந்திருக்கலாம். அந்த அருங்காட்சியகம் பிரிக்பீல்ட்சுக்கு மிக அருகில் இருந்தது. 1945 மார்ச் 10-ஆம் நாள், இரயில் நிலையப் பணிமனைகளைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள் அதன்மேல் விழுந்தன. இன்று அவ்விடத்தில் நிற்பது 1963-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம். பள்ளிப் பேருந்தில் மாணவர்களை அங்கே அழைத்துச்செல்லும் ஆசிரியர்கள், வாயிலில் ஒரு நிமிடம் நின்று இதைச் சொல்லலாம். பெயருடன் ஊசியில் நின்ற ஓர் உயிரி எரிந்தால், எரிவது அந்த ஊரில், அந்த நாளில் அது வாழ்ந்தது என்பதற்கான சாட்சியம்; மற்றொன்றைப் பிடித்து அதனை ஈடுசெய்ய இயலாது.

பிடிப்பதற்கு இடம் வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழக நிலத்தைப் பழையவர்கள் அறிவர். நிரை நிரையாகப் பால்மரம், அடியில் சருகு, விளிம்பில் லாலாங் புல். அந்நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்னும் நகராகி வருகிறது. நகரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு எல்லோருக்கும் வேண்டும். தரைவண்டுக்குச் சருகும் ஈரமும் வேண்டும் என்பது மட்டும் உண்மை. பல இனங்கள் பறக்கா; சாலையொன்று குறுக்கிட்டாலே அவற்றின் உலகம் இரண்டாகும்.

அம்மாணவனின் விரலில் கறை மறைய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அவன் இன்னொரு வண்டை, இம்முறை கண்ணாடிக் குப்பியில், பிடித்துவந்தான். அதனை உலர்த்தி ஊசியில் ஏற்றி, தீப்பெட்டி அட்டையில் சிறு சீட்டு வெட்டினோம். சீட்டில் எவை இருக்கவேண்டும் என்று சொன்னேன்: ஊர், நாள், எதன் அடியில் கிடைத்தது, பிடித்தவர் பெயர். தமிழிலேயே எழுதினான். சுங்கை பூலோ, பால்மரக் கட்டை, பிறகு நாள், பிறகு, மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக, தன் பெயரும் தந்தை பெயரும். இரண்டாவது சீட்டில் பேரினம் ஃபெரோப்சோஃபஸ் என்று நான் எழுதினேன். சிற்றினத்துக்கு உரிய இடத்தில் ஆண்ட்ரூசின் நூலைப் பார்க்கும்வரை ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தோம்.